பெட்ரோல் போட வந்தவன்

என் மகேன்,

சாப்பிட்டாயா? நாம் இருவரும் போனில் எதைப் பேசினாலும் இந்தக் கேள்வியில்தான் ஆரம்பிப்போம். பதில் வராது என்று தெரிந்தும் பழக்கம் விடவில்லை. நான் சாப்பிட்டுவிட்டேன். நேற்று வைத்த ரசம், பொரித்த முட்டை.

உன் ஆண்டுத் திதி நெருங்கிவிட்டது. பேப்பரில் போட நினைவஞ்சலி எழுதிக் கொடுக்கும் வேலையை வழக்கம்போல என் தலையில் கட்டிவிட்டார்கள். காதுகுத்து அழைப்பிதழிலிருந்து கருமாதி அறிவிப்பு வரை நம் குடும்பத்துக்கு நான்தானே எழுத்தர். மேலே உன் படம், கீழே பெயர், அப்புறம் உன் நினைவில் வாடுகிறவர்களின் வரிசை. அம்மா, அக்கா, அக்கா வீட்டுக்காரர், மாமா, மாமி என்று எழுதிக்கொண்டே வந்தேன். என் பெயர் எங்கே வரும் என்று தேடினேன். கடைசியில் ‘மற்றும் உறவினர்கள்’ என்று இருக்கிறதே, அதற்குள் இருந்தேன்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. அறிவிப்பை ஓரமாக வைத்துவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இதையும் அதே பேப்பருக்குத்தான் அனுப்பப் போகிறேன். ஊர் படிக்கட்டும். நீ மட்டும் உன் மனதில் இருந்ததை ஊர் பார்க்கச் சொல்லவில்லையா?

ஆமாம் மகேன். உன் படத்தைப் பார்த்துவிட்டேன்.

படிக்கிறவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். மகேன் என் அத்தை மகன். என் அப்பாவின் அக்காவுக்குப் பிறந்தவன். மலாக்கா மாநிலத்து ரெம்பியாவில் எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவே நான்கே வீடுகள். கோலாலம்பூரில் அடுக்குமாடி வீடுகளுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவனுக்கு. ஒரு நாள் அவன் வேலை செய்துகொண்டிருந்த கட்டடத்துக்குப் படம் எடுக்க வந்த ஒரு சீன இயக்குநருக்கு இவன் முகம் பிடித்துப்போய்விட்டது. அவ்வளவுதான்.

தீபாவளிக்கு வந்தபோது நீ அதைச் சொன்ன அழகு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. வாயில் முறுக்கை வைத்துக்கொண்டு, ஏதோ லைசென்ஸ் புதுப்பித்த விஷயம் மாதிரி சொன்னாய்.

“படத்துல நடிக்கப் போறேன்.”

“என்னாவா?” என்று கேட்டேன்.

“லிஃப்ட் ரிப்பேர் பண்றவனா.”

“அப்ப நடிக்கப் போறியா, வேலைக்குப் போறியா?”

“ரெண்டுந்தான் லா.”

அடுப்படியிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். “பாட்டு இருக்காடா?”

“பாட்டும் இல்ல, ஃபைட்டும் இல்லம்மா.”

“அப்பறம் என்னாத்துக்குடா அது படம்?”

நீ சிரித்த சிரிப்பில் முறுக்குத் தூள் என் மடியெல்லாம் விழுந்தது. அதுதான் உனக்குக் கடைசி தீபாவளி என்று யாருக்குத் தெரியும்? படம் வெளியே வருவதற்குள் டெங்கி உன்னைக் கொண்டுபோய்விட்டது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாயாம். எனக்கு ஒரு போன் அடித்திருந்தால் உன் காதைத் திருகி ஆஸ்பத்திரியில் உட்கார வைத்திருப்பேன். சரி, இப்போது திட்டி என்ன ஆகப் போகிறது.

நீ போன பிறகு உன் படம் ஊர் ஊராகப் போனது. நமக்குப் பெயர் சொல்லவே வராத ஊர்களில் எல்லாம் காட்டினார்கள். வெளிநாட்டில் பெரிய பரிசு வாங்கிவிட்டது. தமிழ்ப் பேப்பரிலேயே அரைப் பக்கம் வந்தது, உன் முகத்தோடு. கையில் திருப்புளியும் தலையில் விளக்கும் வைத்துக்கொண்டு எங்கேயோ அண்ணாந்து பார்க்கிறாய். மார்க்கெட்டில் அத்தையைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘சினிமாக்காரர் அம்மா’ என்றார்கள். அத்தை அப்போதெல்லாம் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடையை எட்டிப் போடுவார்.

போன மாதம் அந்த இயக்குநர் போன் செய்தார். மலாக்கா டவுனில், தெங்கேராவில் ஒரு பழைய கடைவீட்டைப் புதுப்பித்து, கீழே காப்பிக் கடையும் மாடியில் படம் காட்டும் கூடமுமாக வைத்திருக்கிறார்கள். அங்கே ஒரே ஒரு காட்சி, சனிக்கிழமை மத்தியானம். மகேனின் அம்மா கட்டாயம் வர வேண்டும் என்றார். மலாக்காவில் இந்தப் படத்தை வேறு எங்கும் போட மாட்டார்களாம்.

அத்தை ஒரேயடியாக மறுத்துவிட்டார்.

“வருசம் திரும்பலம்மா. தீவாளிக்கு எண்ண தேய்க்கல, பொங்கலுக்குப் பான வைக்கல. நான் போயி படம் பாக்கறதா?”

“அத்தை, அந்தப் படத்துல இருக்கறதே அவந்தான்.”

“அதுக்குத்தான் சொல்றேன். புள்ளைய முழுங்கிட்டு சினிமாவுக்குப் போறா பாருன்னு பேசுவாங்க.”

நான் எவ்வளவோ சொன்னேன். நம்மிடம் உன் போட்டோ இருக்கிறது, ஆனால் நீ நடக்கிறதும் பேசுகிறதும் எங்கே இருக்கிறது? உன் போன்கூட கடைசியில் பூட்டைத் திறக்க முடியாமல் செத்துப்போய் அலமாரியில் கிடக்கிறது. என் போனில் நீ அனுப்பிய குரல் செய்தி ஒன்றே ஒன்று இருக்கிறது. ‘அம்மாகிட்ட கருவாடு இருக்கா கேளு’ என்கிறாய். அதைத்தான் நான் அடிக்கடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு என்ன பதில் சொன்னேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறார்.

“சினிமாவுக்குப் போறதுன்னா வேணாம். எழவு கேக்கப் போற மாரி போயிட்டு வந்துருவோம். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல?”

அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் அம்மாவைத் தவிர வேறு யாருக்கு இப்படி ஒரு வழி தோன்றும்?

மறுநாள் சொன்னபடியே செய்தார். வெளுத்த சாம்பல் நிறப் புடவை. கையில் பை இல்லை, பலகாரம் இல்லை, வெறுங்கை. திரும்பி வந்ததும் வீட்டுக்குள் கால் வைக்காமல் குளிப்பதற்காக, வாசல் குழாயடியில் ஒரு வாளித் தண்ணீரும் மாற்றுப் புடவையும் எடுத்துவைத்துவிட்டுத்தான் காரில் ஏறினார். ரெம்பியா முச்சந்தியில் உள்ள பெட்ரோல் ஸ்டேஷனில் நிறுத்தி டேங்கை நிரப்பிக்கொண்டேன். எதிரே பஸ் ஸ்டாப். அதே பழைய கூரை, அதே உடைந்த பெஞ்சு. அப்போது அதை நான் ஒரு பஸ் ஸ்டாப்பாகத்தான் பார்த்தேன்.

தெங்கேராவில் வாசலிலேயே ஒரு பெண் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அத்தை கையை மடக்கிக்கொண்டார். எழவு வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டோமே. அவர் விரதம் என்று மலாயில் சொல்லிச் சமாளித்தேன். மாடியில் வந்திருந்தவர்களைப் பார்த்தால் எல்லாரும் வட்டக் கண்ணாடியும் துணிப்பையுமாக இருந்தார்கள். அத்தை கதவுக்குப் பக்கத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார். துக்க வீட்டில் எப்படி எழுந்து போக வசதியாக உட்காருவோமோ, அப்படி.

படம் எப்படி என்று கேட்பாய். உண்மையைச் சொல்லட்டுமா? முதல் கால் மணி நேரம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு தாழ்வாரத்தை அவ்வளவு நேரம் காட்டுகிறார்கள். ஒரு கெட்டில் கொதிக்கிறதைக் கொதித்து முடிகிற வரை காட்டுகிறார்கள். நம் ஊர்க்காரர்கள் பார்த்திருந்தால் ‘என்னாங்க, படம் நின்னுபோச்சா?’ என்று கேட்டிருப்பார்கள்.

அப்புறம் மெல்ல மெல்ல அந்தக் கட்டடம் எனக்குப் பிடிபட்டது. அத்தனை மாடி, அத்தனை கதவு, ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் யாரையோ நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புருஷன் செத்த பிறகும் இரண்டு கிண்ணம் வைத்துச் சோறு போடுகிற சீனப் பாட்டி. ஊரில் இருக்கும் மனைவி தூங்குகிற சத்தத்தை போனில் கேட்டுக்கொண்டே காவல் நிற்கிற வங்காளதேசத்துக்காரர். எதிர்வீட்டுக்காரன் கதவைத் திறக்கும் நேரம் பார்த்துக் குப்பை கொட்டப் போகிற மலாய் நர்ஸ். ஒருவரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. லிஃப்ட்டில் பக்கத்தில் பக்கத்தில் நின்று மேலே ஓடும் எண்ணைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அவ்வளவு பெரிய நகரத்தில் அத்தனை பேருக்கும் ஒரே காய்ச்சல்.

நீ வந்ததும் அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். “எளச்சிட்டான்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “தலைக்கு எண்ணயே வைக்கல” என்றார். நீ திருப்புளியைப் பல்லில் கடித்துக்கொண்டு படியேறுகிறாய், அத்தையின் தலையும் கூடவே மேலே போகிறது.

பிறகு அந்தக் காட்சி வந்தது.

சீனப் பாட்டி லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொள்கிறார். நீ மேலே உட்கார்ந்து வேலை செய்துகொண்டே, அவர் பயப்படாமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறாய். முதலில் மலாய். அவருக்கு அதுவும் சரியாகத் தெரியவில்லை. எந்த மொழியானால் என்ன என்று தமிழுக்கு மாறிவிடுகிறாய். கேமரா உன் முகத்தை விட்டு நகரவே இல்லை.

“எங்கூர்ல ஒரு பொண்ணு ஆண்டி. மலாக்காவுல வேல. சாயந்தரம் பஸ்ஸுல வந்து எறங்கும். நான் மோட்டார எடுத்துக்கிட்டு எதுத்தாப்புல பெட்ரோல் ஸ்டேசன்ல போயி நிப்பேன். என்னாடா இங்கன்னு கேக்கும். பெட்ரோல் போட வந்தேன், ஏறு வுட்டுர்றேன்னு சொல்லுவேன். தெனம் அதே கேள்வி, தெனம் அதே பதிலு.”

நீ ஏதோ ஒரு கம்பியை முறுக்குகிறாய். பிறகு சிரிக்கிறாய்.

“டேங்கு எப்பவும் ஃபுல்லாத்தான் ஆண்டி இருந்துச்சு.”

கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது அடைத்துவிட்டது.

“கேட்டா அவங்க வூட்டுல இல்லன்னு சொல்ல மாட்டாங்க. அதான் ஆண்டி பயமா இருக்கு. வூட்டுல தலையாட்டிருவாங்க. அந்தப் பொண்ணுக்குப் புடிக்கணுமுல்ல?”

உள்ளே இருந்து பாட்டி சீனத்தில் ஏதோ கேட்கிறார். இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பதாகக் கீழே எழுத்து ஓடியது. உனக்குச் சீனம் ஏது? அவர் உன் கதையைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு பதில் சொல்கிறாய்.

“அடுத்த தீவாளிக்குக் கேட்டுருவேன் ஆண்டி.”

மகேன், அடுத்த தீபாவளி வந்தது. உன் வீட்டிலும் என் வீட்டிலும் விளக்கு ஏற்றவில்லை.

உடனே பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண்ணைப் பின்பக்கமிருந்து காட்டினார்கள். ஒல்லியாக, பின்னலில் மல்லிகைப்பூவோடு, குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் எந்தக் காலத்தில் பல் கிளினிக் வேலைக்குப் பூ வைத்துக்கொண்டு போனேன்? அவ்வளவு ஒல்லியாகவும் எந்தக் காலத்தில் இருந்தேன்? கோபமாகக்கூட இருந்தது. ஆனால் கண்ணீர் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

நீ கோலாலம்பூர் வேலைக்குப் போவதற்கு முன்பு அது. கிளினிக் இருக்கும் புக்கிட் பெருவாங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். இறங்கினால் நீ நிற்பாய். ‘உன் மோட்டார் என்னா லோரியா, தெனம் இப்புடிக் குடிக்குது?’ என்று எத்தனை முறை கேலி செய்திருக்கிறேன். நீயும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாய். நான் நிஜமாகவே நம்பினேன். நீ பெட்ரோல் போடத்தான் வருகிறாய் என்று நம்பினேன். நீ இல்லாத நாளில் ‘இன்றைக்கு அவனுக்குப் பெட்ரோல் தேவைப்படவில்லை போலிருக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு, முகம் தொங்கிப் போய் நடந்துதான் போனேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இனி எதற்கு வெட்கம்? ரெம்பியா வருவதற்கு முன்பே, ஓடுகிற பஸ்ஸில் நான் பவுடர் போட்டுக்கொள்வேன். வளைவு திரும்பும்போதே ஸ்டேஷனில் உன் சிவப்புத் தொப்பி தெரிகிறதா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பேன். இறங்கியதும் ஒன்றும் தெரியாதவள் போல ‘என்னாடா இங்க?’ என்பேன்.

நீ உரிமையுள்ளவன். மாமன் மகளைக் கேட்க உனக்கு யார் தயவும் வேண்டாம். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னால் தட்டு மாறியிருக்கும். அதனால்தான் நான் ஏமாந்தேன். கேட்கிற உரிமை இருந்தும் கேட்கவில்லையென்றால் வேண்டாம் என்றுதானே அர்த்தம் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். நீயோ, உரிமை இருப்பதாலேயே கேட்கக் கூடாது என்று நின்றிருக்கிறாய். அன்னிய வீட்டுப் பெண்ணாக இருந்திருந்தால் எப்படியாவது சொல்லியிருப்பாய். முறைப்பெண்ணாகப் பிறந்து நான் கெட்டேன். அம்மா என்னை ‘அத்தான்னு கூப்புடுடி’ என்று திட்டும்போதெல்லாம், ‘அத்தான் பொத்தான்னு இழுக்க நான் என்ன சினிமாக்காரியா?’ என்று உன் முன்னாலேயே சொல்வேனே. அது உனக்கு எப்படி இருந்திருக்கும்?

படம் முடிந்ததும் இயக்குநர் முன்னால் வந்து பேசினார். கேள்வி கேட்கலாம் என்றார்கள். யாரோ நிறத்தைப் பற்றிக் கேட்டார்கள், யாரோ மௌனத்தைப் பற்றிக் கேட்டார்கள். அத்தை எழுந்து நின்றார்.

“தம்பி, அந்தப் பொண்ணு மானா? எங்க இருக்கு?” என்று மலாயையும் தமிழையும் கலந்து கேட்டார்.

அந்த இயக்குநர் நல்ல மனிதர், மகேன். அத்தை யார் என்று புரிந்ததும் தலை குனிந்து வணங்கினார். பின்பக்கம் காட்டிய பெண் தன் குழுவில் வேலை செய்கிறவள் என்று மலாயில் நிதானமாகச் சொன்னார். “ஆனால் அந்தப் பேச்சை நான் எழுதவில்லை, நடித்தவர்கள் எல்லாரிடமும் நீங்கள் யாருக்காகவாவது காத்திருந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும்தான் கேட்பேன், மகேன் தமிழில் பேசலாமா என்று கேட்டார், பேசினார், என்ன சொன்னார் என்பதே எனக்கு மொழிபெயர்ப்பு வந்த பிறகுதான் தெரியும்” என்றார். நான் அதை அத்தைக்குத் தமிழில் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

அத்தை தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார். இயக்குநர் உன் முகம் போட்ட போஸ்டரோடு பின்னாலேயே ஓடிவந்தார். அத்தை திரும்பியே பார்க்கவில்லை. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொண்டு கிளம்புவதும் இல்லை, எதையும் கையில் வாங்கிவருவதும் இல்லை. பாவம், அந்த மனிதர் என்ன தப்பு செய்தோம் என்று விழித்தார். கோபம் இல்லை, இது எங்கள் பழக்கம் என்று சொல்லிப் புரியவைத்தேன். போஸ்டரை வேறொரு நாள் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

காரில் அத்தை ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்.

“நெசமாவே ஒரு பொண்ணு இருந்திருக்கு பாத்தியா. ரெம்பியாப் பக்கம் மலாக்காவுக்கு பஸ்ஸுல போன பொண்ணுங்க யாரும்மா? தையக்கார வூட்டுது இருக்கு. கோயில் கமிட்டித் தலைவரோட சின்னது ஒண்ணு. அதுக்குக் கல்யாணம் ஆயி புள்ளையும் பொறந்திருச்சு.” கொஞ்ச தூரம் போனதும் என் பக்கம் திரும்பினார். “நீயும் அந்த பஸ்ஸுலதான வருவ. ஒனக்குத் தெரிஞ்சிருக்குமே?”

என்னையே கேட்கிறார், மகேன். நான் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. தினமும் கண்ணில் படுகிற வீட்டுப் பிள்ளை. என்னை யார் தேடப் போகிறார்கள்?

“ஆசையோட போன உசுரும்மா. அது அடங்காது. திதியன்னைக்கி அந்தப் பொண்ணக் கூட்டியாந்து, அது கையால ஒரு வேட்டி வச்சுட்டாப் போதும். எம்புள்ள நிம்மதியாப் போயிருவான். கல்யாணம் ஆயிருந்தாக்கூடப் பரவால்ல, அதோட வூட்டுக்காரர் கால்ல வுழுந்து கேக்கறேன்.”

நான் ரோட்டையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். சொல்ல வேண்டும் என்று வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். என் வீட்டில் செரம்பானிலிருந்து ஒரு வரன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். செத்தவனை நினைத்துக்கொண்டிருக்கும் பெண் என்று தெரிந்தால் அது நின்றுவிடும். அதுகூட எனக்குப் பெரிதில்லை. என்னுடைய பயம் வேறு. நான் வேட்டி வைத்தால் நீ நிம்மதியாகப் போய்விடுவாய் என்கிறாரே அத்தை. நீ எதற்குப் போக வேண்டும்? இப்போதுதானே நீ எனக்குக் கிடைத்தாய்? வந்து ஒரு மத்தியானம்கூட ஆகவில்லையே?

ரெம்பியா முச்சந்தி வந்தது. என் கை தானாகவே ஸ்டேரிங்கைத் திருப்பியது. ஸ்டேஷனுக்குள் போய் பம்புக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். இறங்கிப்போய்ப் பணம் கட்டினேன், மூடியைத் திறந்தேன், குழாயைச் செருகினேன். எதிரே பஸ் ஸ்டாப்பில் சாயங்கால வெயில் விழுந்துகொண்டிருந்தது. நீ நின்ற இடம் இதுதான். இங்கேயிருந்து பார்த்தால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவள் முகம் எப்படித் தெரியும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. நன்றாகத் தெரிகிறது, மகேன். பவுடர்கூடத் தெரிந்திருக்கும்.

கொஞ்சம்தான் ஏறியது. பம்பு டக்கென்று நின்றுவிட்டது.

அத்தை கண்ணாடியை இறக்கினார். “காலையிலதான இங்கயே நெறைய போட்ட? மறுபடியும் என்னாத்துக்கும்மா...”

கேள்வி பாதியில் நின்றுவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். எதிரே பஸ் ஸ்டாப்பைப் பார்த்தார். கையில் குழாயோடு நிற்கும் என்னை மறுபடியும் பார்த்தார். அத்தையின் வாய் கோணிக்கொண்டு போனது.

“எங்கம்மா” என்றார். “வூட்டுக்குள்ளயே இருந்திருக்கியேடி.”

வீட்டுக்கு வந்ததும் வாசல் குழாயடியில் அத்தை முதலில் என்னைத்தான் உட்கார வைத்தார். அந்த ஒரு வாளித் தண்ணீரை என் தலையில் அவர் கையாலேயே ஊற்றினார். ஊற்றிக்கொண்டே அழுதார். நானும் அழுதேன். தண்ணீரோடு தண்ணீராகப் போனதால் அக்கம்பக்கத்துக்குத் தெரியவில்லை. உன் சாவன்று என்னை யாரும் தேற்றவில்லை, மகேன். உறவுக்காரப் பெண்தானே என்று நாற்காலி எடுத்துப் போட அனுப்பினார்கள். அன்று எனக்குக் கிடைக்காமல் போனது இந்தக் குழாயடியில்தான் கிடைத்தது.

“வேட்டி நீயே வாங்கு” என்றார் அத்தை, என் தலையைத் துவட்டிக்கொண்டே. “மாமன் வூட்டு வேட்டின்னு ஒங்கப்பன் கொண்டாருவான், அது தனி. இது ஒன் வேட்டி. அதோட அவன வுட்டுரும்மா. செரம்பான்காரங்க வந்தா நல்ல மூஞ்சிய வச்சிக்கிட்டுப் பேசு.”

“முடியாது அத்தை” என்றேன்.

“இன்னிக்கி முடியாதுதான்” என்றார். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

இந்தக் கடிதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, ஓரமாக வைத்திருந்த நினைவஞ்சலி அறிவிப்பை மறுநாள் எடுத்து அத்தைக்குப் படித்துக் காட்டினேன். அத்தை கேட்டுக்கொண்டே வந்து, கடைசி வரியில் நிறுத்தச் சொன்னார். “ஒன் பேர எம்பேருக்குக் கீழப் போடு” என்றார். என்ன உறவு என்று போடட்டும் என்று கேட்டேன். “மாமன் மகள்னு போடு. புரியறவங்களுக்குப் புரியும்.” அப்பாவிடமும் அம்மாவிடமும் அத்தையே பேசிவிட்டார். அம்மா ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. அடுத்த நாள் உனக்குப் பிடித்த நெத்திலி சம்பல் செய்து என் தட்டில் வைத்தார்.

வேட்டி வாங்கிவிட்டேன். கரை பச்சை. நீ பச்சை பிடிக்காது என்பாய், தெரியும். எனக்குப் பிடித்திருந்தது, வாங்கினேன். ஒரு தடவையாவது எனக்குப் பிடித்ததைக் கட்டிக்கொள்.

உன் மோட்டாரை ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் ஸ்டார்ட் செய்துவைக்கிறேன். டேங்க் இன்னும் நிறையவே இருக்கிறது. மனசு உன்னைத் தேடுகிறது, மகேன். கிளினிக்கில் யாராவது உன் உயரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தால் தேடுகிறது. லிஃப்ட்டில் ஏறினால் தேடுகிறது. அந்தக் கட்டடத்தில் இருந்த அத்தனை பேரைப் போலத்தான் நானும் மேலே எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். நீ ஏன் அந்தப் பாட்டியிடம் சொன்னாய்? அவ்வளவு தூரம் போய், உன் மொழியே தெரியாத ஒருவரிடம்? நான்கு வீடு தள்ளித்தானே இருந்தேன்?

உன்னை எடுத்துப் போன அன்று, பழக்கப்படி நானும் உன் வாசலிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கி வந்தேன். அது இன்றுவரை நெஞ்சில் நிற்கிறது. திதியோடு வருடம் திரும்பிவிடும், அந்தக் கட்டும் தீர்ந்துவிடும். அன்றைக்கு உன் இலைக்கு முன்னால் என் கையால் வேட்டியை வைப்பேன். நீ நிம்மதியாக இரு. ஆனால் ஒரேயடியாகப் போய்விடாதே. பூசை முடிந்து கிளம்பும்போது, மாமா, மாமி, கோயில் கமிட்டித் தலைவர், யார் நின்றாலும் சரி, உன் படத்துக்கு முன்னால் நின்று, வாய் விட்டு, எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவேன்.

போய்ட்டு வரேன், அத்தான்.

உன் மாமன் மகள்,
புனிதா
ரெம்பியா